ஹர்ட்ஸா, டுவாவா?

2018 ஜனவரி 8, அட்லாண்டா. அமெரிக்கக் கால்பந்தில் பல்கலைக்கழக அணிகளுக்கான தேசிய இறுதியாட்டம். இடைவேளையில் ஜார்ஜியா 13, அலபாமா 0. அலபாமா பயிற்சியாளர் நிக் சேபன் ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து, முதலாமாண்டு மாணவர் டுவா டகோவைலோவாவை இறக்கினார்.

இருவரும் குவாட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்தி பந்தை வீசுபவர்கள். ஹர்ட்ஸ் ஓடவும் தெரிந்தவர். பந்தை எதிரணிக்குத் தாரை வார்ப்பது அபூர்வம். ஆனால் தூர வீச்சு என்றால் தயங்குவார். இடக்கைக்காரர் டுவாவுக்கு அந்தத் தயக்கமே கிடையாது. அது சில சமயம் காலை வாரும்: கூடுதல் நேரத்தில் பந்தோடு பிடிபட்டு 16 யார்டு பறிகொடுத்தார். சரி, முடிந்தது என்று நினைத்தால், அடுத்த வீச்சே 41 யார்டு, சக வீரர் டெவான்டா ஸ்மித் கையில். 26-23, வெற்றி அலபாமாவுக்கு.

என் ஓட்டு டுவாவுக்குத்தான். அதற்காக ஹர்ட்ஸை ஒதுக்கவும் மனம் வரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், அதே ஊரில், அதே ஜார்ஜியாவிடம் கைநழுவவிருந்த ஆட்டத்தை, காயம்பட்ட டுவாவுக்குப் பதிலாக இறங்கி மீட்டவர் அவர்தான்.