இன்றைய மாயன் மொழிகள் – தமிழ்ச் சுவர் வரைபடம்: வாங்கலாம், ஆனால் இடப்பக்கம் ஒட்டுப்போட வேண்டும்

கும்பகோணம், தஞ்சாவூர் புத்தகக் கடைகளில் கிடைக்கும் இந்த வரைபடம் 24 அங்குல அகலம், 30 அங்குல உயரம். விலை 180 ரூபாய். மெக்சிகோ, குவாத்தமாலா, பெலிஸ் நாடுகளில் வாழும் மாயன் மக்கள் என்றாலே பாழடைந்த பிரமிடைப் போடும் வழக்கத்தை விட்டு, இன்று மக்கள் பேசும் ஊர்களுக்கு வண்ணம் கொடுத்திருக்கிறார்கள். அதற்காகவே பள்ளிச் சுவரில் மாட்டலாம். ஏறத்தாழ 30 மொழிகள், 50 லட்சத்துக்கு மேல் பேசுவோர். இதை அழிந்த நாகரிகம் என்று இனியும் பாடம் நடத்தக் கூடாது.

குவாத்தமாலாப் பகுதி நன்றாக வந்திருக்கிறது. கிச்சே, கெக்சி இரண்டையும் தலா 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பேசுகிறார்கள். கெக்சியின் நிறம் கோபான் நகரிலிருந்து வடக்கே பெத்தேன் பகுதி வரை ஏறி, பெலிசின் தெற்கிலுள்ள டொலேடோ மாவட்டத்துக்குள்ளும் நுழைவதைச் சரியாகக் காட்டியிருக்கிறார்கள். ஒரே பிழை, ‘குவாத்தமாலாவில் 24 மாயன் மொழிகள்’ என்ற கட்டம். 22தான். ஷின்கா, கரிஃபுனா இரண்டும் அந்நாட்டு மொழிகளே, ஆனால் மாயன் குடும்பம் அல்ல.

பெரிய ஓட்டை மெக்சிகோவில். யுகதான் மாயா, சியாபாஸின் செல்தால், சோட்சில் எல்லாம் இருக்கின்றன; வாஸ்தெக் இல்லை. படம் மேற்கே 95 பாகைத் தீர்க்கரேகையோடு முடிகிறது, வாஸ்தெக் பேசும் சான் லூயிஸ் பொத்தோசியும் வடக்கு வெராக்ரூசும் 98, 99 பாகையில் இருக்கின்றன. குடும்பத்திலிருந்து முதலில் பிரிந்த கிளை என்று பெரும்பாலான மொழியியலாளர்கள் கருதும் மொழி இது, விடவே கூடாது. 14 அங்குல சார்ட் தாளை இடப்பக்கம் வைத்து, பின்புறமிருந்து டேப்பால் இணையுங்கள். ஒரு பாகைக்கு 3 அங்குலம் என்று கோடு போட்டு, வடக்கே 21க்கும் 22க்கும் நடுவில் வண்ணமிடுங்கள். மைதாப் பசை வேண்டாம், கரப்பான் அரித்துவிடும்.

அடுத்தது எழுத்து. ரோமன் எழுத்துப் பெயர்களில் மேற்குறி (’) மொத்தமாக விழுந்துவிட்டது. தொண்டையை ஒரு கணம் அடைத்து வெடிப்போடு விடும் ஒலிக்கு அதுதான் அடையாளம். கிச்சேயில் சிவப்புக்கும் நெருப்புக்கும் உள்ள சொற்கள் நம் காதுக்கு இரண்டும் ‘கக்’. நெருப்பில் இரண்டு ககரமும் அடிநாக்கில் வெடித்து வரும். ழகரத்தை லகரமாக்கினால் மழை மலையாகிவிடும் அல்லவா, அதே சேதம். கிச்சே எண் கட்டத்தில் மூன்றுக்கு ‘ஒக்ஸிப்’ என்று போட்டிருப்பதை ‘ஒஷிப்’ என்று திருத்துங்கள். x என்ற ரோமன் எழுத்துக்கு அங்கே ஷகர ஒலி. இருபதுக்கு ‘ஹுவினக்’ என்பதை விளக்கத்தோடு கொடுத்தது அருமை: ‘ஒரு ஆள்’, அதாவது கைவிரல் கால்விரல் எல்லாம் சேர்த்து. நாற்பது, இரண்டு ஆள்.

தலைப்பில் ‘மயன்’ என்று அச்சாகியிருக்கிறது. அது நம் புராணத்துத் தச்சன். மாயன் மொழிகளுக்கும் தமிழுக்கும் உறவு நிறுவப்படவில்லை, விடுபட்ட துணைக்காலை (ா) ‘ம’வுக்குப் பக்கத்தில் வரைந்துவிடுங்கள்.

சுருட்டியதைக் கேட்டு வாங்குங்கள். மடித்ததில் மடிப்பு மாம் மொழிப் பகுதியின் நடுவே விழுந்து, ஒரே மாதத்தில் வண்ணம் உதிர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் ஏறும் சுவரானால் பின்னால் இரண்டு ரீப்பர் கட்டை அடித்து அரை அங்குலம் தள்ளி மாட்டுங்கள். லேமினேஷன் போட்டாலும் கீழ் விளிம்பில்தான் முதலில் பூசணம் பிடிக்கும்.