எல்லை தாண்டிய சின்ன வேலைக்குக் காசு: இரண்டு வழிகள்

மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணித் தோட்டத்து இளைஞர் சங்கம் ஒன்று, இந்தோனேசியாவின் வட சுமத்ராவில் உள்ள மேடான் தமிழர்களோடு சேர்ந்து உறுமி மேளப் பயிற்சி நடத்த நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கெடாவும் வட சுமத்ராவும் 1993-இல் தொடங்கிய இந்தோனேசியா–மலேசியா–தாய்லாந்து வளர்ச்சி முக்கோணத்துக்குள் வருகின்றன. ஆனால் அங்கே பேச்சு பெரும்பாலும் சாலை, துறைமுகம், வணிகம் பற்றித்தான். சின்னச் சங்கங்களுக்கான மாதிரிகளை ஐரோப்பாவில் பார்க்கலாம்.

ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை தாண்டிய ஒத்துழைப்புத் திட்டமான இண்டர்ரெக்கின் சிறு திட்ட நிதி. எல்லைப் பகுதியிலேயே உள்ள ஓர் அமைப்பு மொத்தப் பணத்துக்கும் பொறுப்பேற்று, சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் பிரித்துத் தரும். 2021–27 விதிப்படி, ஒரு சிறு திட்டத்துக்கான பொது நிதி 100,000 யூரோவைத் தாண்டாவிட்டால், முன்பே பேசி வைத்த தொகை அல்லது விகிதக் கணக்கில்தான் பணம். தேத்தண்ணி வாங்கிய ரசீது வரை ஒட்டி அனுப்ப வேண்டியதில்லை. நம் ஊர்ப் பொருளாளர்கள் கேட்டால் ஏங்கிப் போவார்கள்! ஆனால் பல இடங்களில் வேலை முடிந்த பிறகே காசு வரும்.

இன்னொன்று விசெகிராட் நிதி. செக், ஹங்கேரி, போலந்து, ஸ்லோவாக்கியா நான்கும் 2000-இல் தொடங்கியது. ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் உள்ள அலுவலகத்துக்கு நேரே விண்ணப்பிக்கலாம், பணம் தவணையாக முன்கூட்டியே வரும். பொதுவாக மூன்று நாட்டுக் கூட்டாளிகள் வேண்டும், அதுதான் அலைச்சல்.

நம் பக்கம் இப்படி ஒன்று வருமென்றால் என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். பணம் முன்கூட்டியே வராவிட்டால், பினாங்கிலிருந்து மேடானுக்கு விமான டிக்கெட் எடுப்பதற்குள் சங்கக் கணக்கு காலியாகிவிடும். மூன்றாவது கூட்டாளிக்குத் தாய்லாந்தின் ஹாட்யாயில் ஒரு குழுவைப் பிடித்துக்கொள்ளலாம்.