காணாக்கடி என்று விடுமுன்: கொசு, மூட்டைப்பூச்சி, தெள்ளு, சிரங்கு, சிற்றுண்ணி – எது கடித்தது?

உடம்பில் திடீரென்று தடித்து அரித்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் 'காணாக்கடி' என்பார்கள். கடித்தது எதுவென்று யாரும் காணவில்லை, அதனால் அந்தப் பெயர். அதோடு தேடுவதையும் நிறுத்திவிடுகிறோம். வேப்பிலை அரைத்துப் பூசுகிறோம், மெடிக்கலில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கிப் போடுகிறோம். கடித்ததோ வீட்டிலேயே இருக்கிறது. மூட்டைப்பூச்சியென்றால் கட்டிலைப் பார்க்க வேண்டும், தெள்ளென்றால் நாயை. சிரங்கென்றால் வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். புதரில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணி கடித்துக் காய்ச்சல் வந்திருந்தால் ஆன்டிபயாடிக் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் ஆபத்து.

தடிப்பை மட்டும் பார்த்து இன்ன பூச்சிதான் என்று தோல் மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியாது. உடம்பில் எங்கே, எந்த நேரத்தில், வீட்டில் வேறு யாருக்கு, எத்தனை நாளாக என்ற நாலு கேள்விக்கும் பதில் இருந்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

அதற்கும் முன்னால் ஒரு சின்னச் சோதனை. தடிப்பைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். மறுநாள் அதே நேரம் பாருங்கள். வட்டத்துக்குள் தடிப்பு சுத்தமாக அமுங்கி, வேறு இடத்தில் புதிதாகக் கிளம்பியிருந்தால் அது பெரும்பாலும் பூச்சிக்கடி இல்லை, ஒவ்வாமைத் தடிப்பு. சாப்பிட்ட மாத்திரை, உணவு, சில நேரம் சளிக் காய்ச்சல்கூட அதைக் கிளப்பும். காணாக்கடி என்று நம்மவர்கள் சொல்வதில் நல்ல பங்கு இதுதான். வட்டத்துக்குள் முடிச்சு அப்படியே இருந்தால் மேலே படியுங்கள்.

கொசுவா, மூட்டைப்பூச்சியா?

அதிகம் குழப்புவது இந்த இரண்டும்தான். இரவில் கடிபட்டால் பழி முதலில் கொசுவுக்குப் போகும். புதுச் சுருள் வாங்கிக் கொளுத்துவார்கள். மூட்டைப்பூச்சிக்கு அந்தப் புகை ஒரு பொருட்டே இல்லை.

கொசு கடித்த இடம் சில நிமிடத்தில் மெத்தென்று வெளிறி வீங்கும். பெரியவர்களுக்குச் சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் அடங்கிவிடும். கடி இங்கொன்றும் அங்கொன்றுமாக, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கையிலும் காலிலும் இருக்கும். மூட்டைப்பூச்சிக் கடி சற்றுக் கெட்டியான சிவந்த முடிச்சு. ஒரு வாரம் வரை நிற்கும். கழுத்து, தோள், முழங்கைப் பக்கம் இரண்டு மூன்றாக வரிசையாகவோ கொத்தாகவோ வரும். தோலை ஒட்டி நகர்ந்தபடி இரண்டு மூன்று இடத்தில் குத்திப் பார்ப்பதால் அந்த வரிசை. ஆனால் வரிசையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். தெள்ளும் வரிசையாகக் கடிக்கும்.

பலர் தவறவிடுவது நேரக் கணக்கை. மூட்டைப்பூச்சியிடம் முதன்முறை கடிபட்டவருக்குத் தடிப்பு தெரியப் பல நாள், சிலருக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். லாட்ஜிலோ ஹாஸ்டலிலோ தங்கி வந்தவருக்கு ஊர் திரும்பிய பிறகு தடிக்கும். வீட்டுக் கட்டில் மேல் பழி விழும். இன்னொன்று, ஒரே கட்டிலில் படுக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் தடிப்பது சகஜம். "எனக்கு ஒண்ணும் இல்லையே, உனக்கு மட்டும் எப்படிக் கடிக்கும்?" என்ற கேள்விக்கு அர்த்தமில்லை. கடி இருவருக்கும்தான், தோலின் எதிர்ப்பு ஒருவருக்குத்தான்.

சாட்சி கட்டிலில் இருக்கும். விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு மெத்தையின் ஓரத் தையலை விரித்துப் பாருங்கள். நாடாக் கட்டிலென்றால் நாடா சட்டத்தில் மடங்கும் இடம், மரக் கட்டிலென்றால் கால் பொருந்தும் துளை, திருகாணிப் பள்ளம், பிளவு. பழைய ஏடிஎம் கார்டை அந்தச் சந்தில் செருகி இழுத்தால் ஒளிந்திருப்பது வெளியே வரும். வளர்ந்த பூச்சி சுமார் 5 மில்லிமீட்டர், துவரம்பருப்பைத் தட்டையாக்கியது போல், செம்பழுப்பு நிறம். குஞ்சுகள் வெளிர் மஞ்சள், ரத்தம் குடித்தால்தான் சிவக்கும். முட்டை வெள்ளை, ஒரு மில்லிமீட்டர் நீளம், மரத்தோடு ஒட்டியிருக்கும். பூச்சியே அகப்படாவிட்டாலும் மைப்பேனா நுனி தொட்டு வைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் துணியில் ஊறிப் பரவியிருக்கும். அது அதன் கழிவு. அதைப் பார்த்துவிட்டால் வேறு சாட்சி வேண்டாம்.

பூச்சியைக் காணாமல் சந்தேகம் மட்டும் இருந்தால், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, ஒவ்வொரு காலுக்கும் அடியில் வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றை வையுங்கள். கிண்ணத்தின் வெளிப்புறம் துணி டேப் ஒட்டி, உட்புறம் முகப்பவுடரை மெல்லத் தடவி விடுங்கள். டேப்பைப் பிடித்து ஏறி உள்ளே விழுந்த பூச்சி பவுடர் பட்ட சுவரில் ஏற முடியாமல் கிடக்கும். போர்வை தரையில் தொங்கினால் அந்த வழியாக ஏறிவிடும், கிண்ணம் வீண். எறும்புக்கு வைப்பது போல் தண்ணீர் ஊற்றி வைப்பவர்கள் உண்டு. அந்தத் தண்ணீரை வாரக்கணக்கில் விட்டால் டெங்குக் கொசு அதிலேயே முட்டையிடும்.

விரட்டுவதற்குச் சூட்டை நம்பலாம். உறை, போர்வையை 60 டிகிரி வெந்நீரில் அரை மணி ஊறவைத்துத் துவையுங்கள். துவைக்க முடியாததைக் கறுப்பு பாலிதீன் பையில் மெல்லிய அடுக்காகப் போட்டுக் கட்டி, சித்திரை வைகாசி வெயிலில் மொட்டை மாடியில் பகல் முழுக்க வைக்கலாம். உள்ளே 50 டிகிரியைத் தாண்டினால் பூச்சியும் முட்டையும் சாகும். தடித்த இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டால் மேல்பக்கம் சுடும், நடுவில் சூடு இறங்காது, பூச்சி அங்கே போய்த் தப்பிக்கும். ஸ்பிரே மட்டும் அடித்தால் பலவற்றுக்கு மருந்து பழகிப்போயிருக்கும், சில பக்கத்து அறைக்கு நகரும். மருந்து அடிப்பவரைக் கூப்பிட்டால் 10 முதல் 14 நாளில் இரண்டாவது முறையும் வரச் சொல்லுங்கள். முதல் தடவையில் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். நெல் மூட்டைக்கு வைக்கும் புகை மாத்திரையைப் படுக்கையறையில் ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு தூங்குகிறவர் உயிரையே எடுத்துவிடும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீ விபத்துக்கு வழி.

மூட்டைப்பூச்சி தூக்கத்தைக் கெடுக்கும், ஆனால் அதன் கடியால் நோய் பரவுவதாகத் தெரியவில்லை. கொசு அப்படியில்லை, அதனால் எந்தக் கொசு என்பதும் முக்கியம். காலில் வெள்ளைப் பட்டையுள்ள ஏடிஸ் என்ற டெங்குக் கொசு பகலில், குறிப்பாகக் காலையிலும் சாயங்காலம் வெளிச்சம் மங்குமுன்னும் கடிக்கும். அண்டா, டிரம், டயர், ஃப்ரிட்ஜின் பின்தட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில் வளரும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறையாவது பாத்திரத்தைக் கவிழ்த்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரை மட்டும் கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டை காய்ந்தும் உயிரோடு காத்திருக்கும். சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் ராத்திரிக்காரி. மதுரை மாவட்டத்தில் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் கால்வாயில் தண்ணீர் விட்டு நடவு முடிந்ததும் பெருகுவது நெல்வயல் கியூலெக்ஸ். அது மாட்டைத் தேடி வருவது, மனிதரையும் கடிக்கும், மூளைக்காய்ச்சலைப் பரப்பக்கூடியது. இத்தகைய பூச்சிகளை ஆராயவென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1985இல் மதுரையில் ஒரு மையம் தொடங்கியது.

மூட்டைப்பூச்சியா, தெள்ளா?

முழங்காலுக்குக் கீழே பாருங்கள். கணுக்காலைச் சுற்றிச் சின்னச் சின்னக் கெட்டி முடிச்சு, நடுவில் ஊசி குத்திய சிவப்புப் புள்ளி, பொறுக்க முடியாத அரிப்பு என்றால் தெள்ளுப்பூச்சி. தரையிலிருந்து ஒரு சாண் உயரம் துள்ளும், அதனால்தான் கால். பாயில் படுக்கும் குழந்தைக்கும் நாய்க்குட்டியைத் தூக்கிக் கொஞ்சும் குழந்தைக்கும் இடுப்பிலும் கையிலும்கூட வரும். பூச்சி கையில் அகப்பட்டால் சந்தேகமே இல்லை. மூட்டைப்பூச்சி மேலிருந்து அமுக்கியது போல் தட்டை, தெள்ளு இரு பக்கமும் நெருக்கியது போல் ஒல்லி. முன்னது நடக்கும், பின்னது துள்ளும்.

நாயையோ பூனையையோ வெள்ளைக் காகிதத்தின் மேல் நிறுத்தி, வால் அடியில் பேன் சீப்பால் வாருங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்புத் துகள் விழும். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுற்றிலும் செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் அது தெள்ளின் கழிவு, செரித்த ரத்தம். கரையாமல் அப்படியே கிடந்தால் வெறும் மண்.

வளர்ப்புப் பிராணி இல்லாத வீட்டிலும் தெள்ளு வரும். தெருநாய் குட்டி போட்ட திண்ணை, ஆட்டுக் கொட்டகை, பல மாதம் பூட்டிக் கிடந்த வாடகை வீடு. கூட்டுக்குள் இருக்கும் தெள்ளு மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வும் உடல் சூடும் பட்டதும் கூட்டமாக வெளியே வரும். புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றே கால் முழுக்கக் கடி என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் பாதி வேலைதான். தரைப் பிளவு, மிதியடி, நாய் படுக்கும் சாக்கு எல்லாவற்றையும் ஒரு மாதம் விடாமல் கூட்டி, கூட்டிய குப்பையை அன்றே அப்புறப்படுத்த வேண்டும்.

சிரங்கு: பூச்சிக்கடி போலத் தோன்றுவது

விரல் இடுக்கு, மணிக்கட்டின் உட்பக்கம், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, அக்குள், ஆண்களுக்குப் பிறப்புறுப்பு. இந்த இடங்களில் ராத்திரியில் அரிப்பு கூடினால் சிரங்கைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பெண் பூச்சி தோலுக்குள் குடைந்து முட்டையிடுகிறது. நல்ல வெளிச்சத்தில் விரல் இடுக்கில் சில மில்லிமீட்டர் நீளத்தில் மெல்லிய வளைகோடு தெரியலாம். முதல் முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் கூடப் படுத்தவர்களுக்கும் பரவியிருக்கும். அதனால்தான் "வீட்ல வேற யாருக்கும் அரிக்குதாம்மா?" என்று மருத்துவர் முதலில் கேட்பார்.

பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரல் இடுக்கு, நகக்கண், தொப்புள் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். பெரியவருக்கு ஒரு முறைக்குச் சுமார் 30 கிராம் ஆகும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. கைக்குழந்தைக்கு மருத்துவர் சொல்லும் முறைப்படிதான். தோற்றுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று: அரிக்கிற இடத்தில் மட்டும் பூசுவது, அரிக்காதவர் பூசாமல் விடுவது, இடையில் கை கழுவிவிட்டு மறுபடி பூசாதது. துணிகளை வெந்நீரில் துவைக்கலாம், இல்லையென்றால் ஒரு வாரம் பையில் கட்டி வைத்தால் போதும். முறையாகப் பூசிய பிறகும் அரிப்பு இரண்டு முதல் நாலு வாரம் நீடிக்கும். மருந்து கேட்கவில்லை என்று தினமும் பூசித் தோலைப் புண்ணாக்க வேண்டாம்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தயவுசெய்து பூசாதீர்கள். அரிப்பு இரண்டு நாள் அடங்கும், சிரங்கு தன் உருவத்தை மறைத்துக்கொண்டு பரவும். படர்தாமரையும் அப்படித்தான்.

கடிக்காமலே காயம் செய்பவை

மழைக்கால இரவில் டியூப்லைட்டைச் சுற்றும் கறுப்பும் ஆரஞ்சுமான ஒல்லி வண்டை 'ஆசிட் பூச்சி' என்கிறோம். அது கடிப்பதில்லை, நசுக்கினால் அதன் உடம்பு நீர் தோலைப் பொசுக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்து கோடு இழுத்தது போல் சிவந்து கொப்பளிக்கும். முழங்கை மடிப்பில் பட்டால் எதிர்ப்பக்கத்திலும் அச்சு எடுத்தது போல் வரும். அக்கி என்று நினைத்து வேளாரிடம் காவி எழுதப் போகிறவர்கள் உண்டு. அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் நரம்பு போகும் பாதையில் கொத்தாக வரும், பெரும்பாலும் தடிப்புக்கு முன்பே வலி தொடங்கும். வண்டு மேலே உட்கார்ந்தால் ஊதித் தள்ளுங்கள், பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முருங்கைக் கம்பளிப்பூச்சி பட்டால் தேய்க்காமல் செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் சுணை வந்துவிடும். எறும்பை ஆராய வேண்டியதே இல்லை. சுள்ளென்று கடித்த கணத்திலேயே தெரிந்துவிடும்.

சிரங்கு தவிர மேலே சொன்னவற்றில் எதுவானாலும் சோப்பு, தண்ணீர், ஐஸ் ஒத்தடம், காலமைன் போதும். சுண்ணாம்பு தடவினால் தோல் வெந்துவிடும். முகமோ உதடோ வீங்கினால், மூச்சு முட்டினால் 108.

அரிக்காத கடி

அரிக்கும் கடிகளை விடக் கவலை தருவது வலியும் அரிப்பும் இல்லாத கடி. நாயுண்ணி, மாட்டுண்ணி ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியும். நுனி கூரான ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மெல்ல இழுத்தால் வந்துவிடும். தீக்குச்சி, மண்ணெண்ணெய் வேண்டாம்.

சிற்றுண்ணியின் குஞ்சோ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். புதர், வரப்போரப் புல், மலையடிவாரத்து மேய்ச்சல் நிலம். அழகர்மலை, நாகமலை ஓரம் விறகு பொறுக்கப் போனவர், ஆடு மேய்ப்பவர், புல்லறுப்பவர் யார் மேலும் ஏறலாம். கடித்தது தெரியாது. ஒரு வாரம் பத்து நாளில் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி வரும். இந்தக் காய்ச்சலுக்கு ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர். மழைக்குப் பிந்திய மாதங்களில் டெங்குவும் இருப்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். டெங்குவுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும்.

கடித்த இடத்தில் பீடி சுட்டது போல் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். மருத்துவர்கள் இதை எஸ்கார் என்பார்கள். வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது. அதுவும் அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்துக்கு அடியில், பாவாடை நாடா அழுந்தும் இடுப்பு, காதுக்குப் பின்னால் என மறைவாகவே இருக்கும். வெட்கப்பட்டுக் காட்டாமல் விடுவதால் தவறிப்போகிறது. காய்ச்சல்காரரின் அம்மாவோ மனைவியோ மகளோ நல்ல வெளிச்சத்தில் உடம்பு முழுக்க ஒரு முறை பார்த்துவிட வேண்டும். பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை. ஆகவே அகப்படாவிட்டாலும், "பத்து நாளைக்கு முன்னாடி காட்டுப் பக்கம் போனாருங்க" என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.