அரமா, சாணை இயந்திரமா? ரம்பச் சங்கிலிக்கு எது தோது?

சங்கிலி ரம்பத்தால் (செயின்சா) மரம் அறுக்கையில் தூள் சீவலாக விழாமல் மாவாகப் பறந்தால் சங்கிலியின் பல் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். சாணை இயந்திரம் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், எத்தனை ரம்பம் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன்.

ஒன்றுதான் என்றால் உருட்டு அரமே போதும். சங்கிலிக் கண்ணிகளின் இடைவெளியை அங்குலத்தில் சொல்வார்கள். .325 சங்கிலிக்கு 4.8 மி.மீ., முழு 3/8-க்குத் தயாரிப்பைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ., சிறிய ரம்பங்களில் வரும், உயரம் குறைந்த லோ புரொஃபைல் 3/8-க்கு 4 மி.மீ. அளவு அரம் வேண்டும். பல்லின் உட்புறமிருந்து வெளியே, 30 பாகைச் சாய்வில், பல்லுக்கு இரண்டு மூன்று தள்ளு. சங்கிலியைக் கழற்றவே வேண்டாம். தோப்பில் மரத்தடியிலேயே முடித்துவிடலாம். ஒரே குறை, நம் கை ஒரு பக்கப் பற்களை அதிகமாகத் தேய்த்துவிடும். அப்போது ரம்பம் நேராக இறங்காமல் வளைந்து வெட்டும்.

இயந்திரத்தின் அருமை தெரிவது பல் உடைந்த அன்றுதான். சாலையோரப் புளியமரத்தில் என்றோ அடித்த ஆணி, 2018 கஜா புயலில் சாய்ந்ததுபோல மண்ணில் புரண்டு கிடக்கும் தென்னை, இவற்றில் மாட்டிய சங்கிலியை அரத்தால் மீட்பது கைவலி. ஆகக் குட்டையான பல்லின் அளவுக்கு மற்றவற்றையும் குறைக்க வேண்டும். இயந்திரத்தில் கோணத்தையும் ஆழத்தையும் பூட்டிவிட்டால் எல்லாப் பல்லும் ஒரே அச்சு.

ஆனால் இயந்திரத்தில் சுழலும் சாணைக்கல்லைப் பல்லில் அழுத்திப் பிடித்தால் முனை நீலம் பாய்ந்து எஃகின் பதம் கெடும். சில இடங்களில் அது கடினமாகி, அடுத்த முறை அரம் வழுக்கிக்கொண்டு போகும். தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். சங்கிலிக்குத் தக்க கனத்தில் கல் மாற்றி, அதன் விளிம்பை அவ்வப்போது உருண்டையாகச் சீராக்கவும் வேண்டும். 108 மி.மீ. கல் பூட்டிய மலிவான இயந்திரங்களில் சங்கிலியைப் பிடிக்கும் தாடை ஆடும். ஆடும் தாடையில் கோணம் ஏது? வாங்குவதானால் 145 மி.மீ. கல்லுள்ள கனமானதை வாங்குங்கள். மூன்று நான்கு ரம்பம் ஓடும் இடத்துக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

கடையில் கொடுப்பது மூன்றாவது வழி. அவசரக்காரர் கையில் சிக்கினால் பாதிப் பல் போய்விடும்.

எந்த வழியானாலும், பல்லுக்கு முன்னால் நிற்கும் மேட்டைத் தட்டை அரத்தால் தனியாகக் குறைக்க வேண்டும். பல் முனையைவிட அது சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டால், எவ்வளவு கூராக இருந்தாலும் சங்கிலி மரத்தில் இறங்காது.