"ஆடும் பார்ப்போம்" என்று சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள்

செல்லமாக ஆடு வளர்ப்பவர்கள், முக்கியமாகக் காயடித்த கிடா வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் கிடா முதுகை வளைத்து முக்கிக்கொண்டே நின்றான். தீவனம் தொடவில்லை, அசை போடவில்லை. "ஆடும் பார்ப்போம்" என்று போனில் சொன்ன ஒரு செல்லப்பிராணி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்தவர் வயிற்றை லேசாக அமுக்கிப் பார்த்து, மலச்சிக்கல் என்று பேதி மருந்து எழுதிக் கொடுத்தார். "மூத்திரமே போகவில்லை டாக்டர்" என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. காய்ச்சல்கூடப் பார்க்கவில்லை. ஆனால் பில்லில் ஸ்கேன் போட்டிருந்தார்கள். அந்தக் கருவி அவன்மேல் படவே இல்லை.

மறுநாள் முக்கல் நின்றது, வயிறு கீழே தொங்கியது. பண்ணை விலங்குகளைப் பார்க்கும் வேறொரு மருத்துவர் வந்து பார்த்தார். மூத்திரக் கல்லடைப்பு, மூத்திரப்பை வெடித்துவிட்டது. காப்பாற்ற முடியவில்லை.

முக்குகிற கிடாவைக் கண்டதும் ஆடு பார்த்துப் பழகியவருக்கு முதலில் வரவேண்டிய சந்தேகம் இது. கிடாவின் மூத்திரக் குழாய் நீளமானது, வளைவுள்ளது. அதன் நுனியில் புழுப்போல ஒரு மெல்லிய சதை இருக்கும். கல் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். சீக்கிரம் கண்டுபிடித்தால் அந்த நுனியை வெட்டிவிட்டே சில ஆடுகளுக்கு அடைப்பை நீக்கிவிடலாம். சின்ன வயதிலேயே காயடித்தால் குழாய் சரியாக விரிவதில்லை. தானியம் அதிகமானால் பாஸ்பரஸ் கூடிக் கல் கட்டும். தீவனத்தில் கால்சியமும் பாஸ்பரசும் 2:1 என்ற அளவில் இருக்கவேண்டும்.

அதனால் ஆடு நன்றாக இருக்கும்போதே மருத்துவரைத் தேடி வையுங்கள். "ஆடு பார்ப்பீர்களா" என்று மட்டும் கேட்டால் போதாது. கல்லடைப்பு வந்த கிடாவுக்கு என்ன செய்வீர்கள், இரவில் கூப்பிட்டால் வருவீர்களா என்று கேளுங்கள். மயக்க மருந்து அளவையும் கேளுங்கள்: குதிரைக்குப் போடும் அளவில் சைலசின் போட்டால் ஆட்டின் உயிருக்கே ஆபத்து. பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கிடா முக்கினால் மூத்திரம் போகிறதா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். சொட்டுச் சொட்டாக வந்தாலோ, மூத்திரம் வரும் இடத்து முடியில் மணல்போல ஒட்டியிருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். யார் பேதி மருந்து கொடுத்தாலும், மூத்திரப்பையைப் பார்க்கச் சொல்லிவிட்டு அப்புறம் வாங்குங்கள்.