இடுப்பு வாரோடு ஊர் சென்று வந்த அனுபவம்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களில் பலர் கடவுச்சீட்டு, ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை), கைப்பேசி, கொஞ்சம் ரொக்கம் ஆகியவற்றை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளவே விரும்புகிறார்கள். அதற்கென்றே, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வாருடன் ஒரு சிறு பையை வாங்கி, இடுப்பிலோ தோளில் குறுக்காகவோ மாட்டிக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். வாங்கும் நேரத்தில், வார் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது, திருடன் கைக்கு எட்டுமா என்பவைதான் நம் கண்ணில் படுகின்றன. கனடாவிலிருந்து வந்து சென்னை, மதுரை, திருச்செந்தூர் என்று சுற்றிய பின்பு எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. நம் ஊரில் அந்த வாரைக் கட்டியிருக்கும் நேரத்துக்கு ஈடாக, அதைக் கழற்றிக் காட்டவும் ஒப்படைக்கவும் திரும்ப வாங்கவும் நேர்கிறது. எனவே, பை எவ்வளவு விரைவாகக் கழன்று, உள்ளே இருப்பவை சிதறாமல் ஒரே பொருளாகக் கைமாறி, மறுபடியும் இடுப்பில் ஏறுகிறது என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும் என்பது என் முடிவு. அவ்வாறு கைமாறும் இடங்களில் எனக்குக் கிடைத்த சேவைகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருந்தது ஒரு அங்குல அகலமுள்ள நைலான் வார். ஒரு முனையில் பக்கவாட்டில் அழுத்தினால் விடுபடும் பிளாஸ்டிக் பக்கிள், நடுவே நீளத்தை மாற்றும் ஸ்லைடர், மறுமுனை பையோடு சேர்த்துத் தைக்கப்பட்டது. ஸ்லைடருக்குள் பூட்டு எதுவும் கிடையாது. வார் அதன் நடுக்கம்பியைச் சுற்றித் தன்மீதே மடிந்து செல்வதால், இழுவிசை கூடக் கூட உராய்வும் கூடி அது தானாகவே நின்றுவிடுகிறது. வழவழப்பான மெல்லிய வாராக இருந்தால் இந்த உராய்வு போதாமல், நடக்க நடக்கப் பை தொடை வரை இறங்கிவிடும். கடையில் பையை வெறுமையாக மாட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது; கைப்பேசியும் சாவியும் தண்ணீர் பாட்டிலும் உள்ளே இருக்கும்போதுதான் தெரியும்.

பைக்குள் எவ்வளவு பணம் வைக்கலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய ரூபாயாக 25,000 வரை கொண்டு வரலாம். அந்நியச் செலாவணி, தாள்களாக 5,000 அமெரிக்க டாலர் மதிப்பையோ, பயணக் காசோலைகள் உட்பட மொத்தமாக 10,000 டாலர் மதிப்பையோ தாண்டினால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். 2023 மே மாதத்தில் 2000 ரூபாய்த் தாளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்த பிறகு 500 ரூபாயே கைக்குக் கிடைக்கும் பெரிய தாள் என்பதால், அதே தொகைக்கு இப்போது கட்டு தடிமனாகிறது. மெல்லிய பையை வாங்கியவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சென்னை விமான நிலையத்திலிருந்து எழும்பூருக்கு மெட்ரோவில் போனேன். ஆலந்தூரில் தடம் மாறினால் போதும். நிலையத்துக்குள் நுழையும்போது பெட்டிகளுடன் இடுப்புப் பையையும் ஸ்கேனரில் வைக்க வேண்டியிருந்தது. ஊழியர்கள் பெட்டிகளைவிடச் சிறு பைகளைத்தான் கவனமாக எடுத்துத் தந்தார்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மதுரைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவுப் பயணம். மின்னணுப் பயணச்சீட்டில் செல்பவர்களில் ஒருவராவது அடையாள ஆவணத்தின் அசலைக் காட்ட வேண்டும் என்பது ரயில்வே விதி. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்கு அது பெரும்பாலும் கடவுச்சீட்டாகவே இருக்கும் என்பதால், பரிசோதகர் வரும்வரை அதைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்ட முடியாது. பெட்டிகளைக் கீழ்ப்படுக்கையின் அடியில் உள்ள வளையத்தில் சங்கிலி கோத்துப் பூட்டிவிடலாம். இடுப்புப் பைக்கு அந்த வசதி இல்லை. வாரின் பயன் இங்கேதான் தெரிந்தது. இடுப்புக்கென்று அளவெடுத்திருந்ததை நன்றாகத் தளர்த்தித் தோளில் குறுக்காகப் போட்டு, பையைத் தலையணைக்கும் சுவருக்கும் நடுவே செருகிவிட்டுப் படுத்தால், புரண்டு படுத்தாலும் கழுத்தை இறுக்குவதில்லை. யாராவது இழுத்தால் விழிப்பும் வந்துவிடும். ரயிலில் உதவி தேவைப்பட்டால் அழைக்க வேண்டிய எண் 139.

நிலையத்தில் பொருளை விட்டுச் செல்ல நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. க்ளோக் ரூமில் பூட்டிய பெட்டியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஜிப் மட்டும் உள்ள சிறு பையைத் தனியாகக் கொடுக்க முடியாது. ஆக, இடுப்புப் பை எப்படியும் நம்மோடுதான் ஊர் சுற்றும்.

மிகுந்த நேரமும் யோசனையும் தேவைப்பட்ட இடம் கோயில்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில், 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நேர்ந்த பிறகு, அதே ஆண்டு மார்ச் மாதத்திலிருந்து பக்தர்கள் கைப்பேசி கொண்டு செல்லத் தடை இருக்கிறது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்கள் அனைத்திலும் கைப்பேசிக்குத் தடை விதிக்கும்படி உத்தரவிட்டது. திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கில்தான் அந்த உத்தரவு வந்தது. தடையை நான் வரவேற்கிறேன். சந்நிதியில் தலைக்கு மேல் நீளும் கைப்பேசிகள் இல்லாமல் சாமி கும்பிடுவது எவ்வளவு நிம்மதி என்பது பழைய கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால், இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. 2016இல் யுபிஐ என்ற உடனடிப் பணப் பரிமாற்ற முறை வந்த பிறகு ஊரில் பணப்பையின் வேலையைக் கைப்பேசி எடுத்துக்கொண்டுவிட்டது. கனடா உள்ளிட்ட சில நாடுகளின் எண்களை வைத்திருப்பவர்களும் 2023 முதல் வெளிநாடுவாழ் இந்தியருக்கான தங்கள் என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்குகளோடு அதை இணைத்துக்கொள்ளலாம். பூக்கடை, இளநீர் வண்டி, ஆட்டோ என்று எல்லா இடத்திலும் கைப்பேசியால் பணம் செலுத்திப் பழகியவர், கோயில் வாசலில் அதை ஒப்படைத்த மறுகணம் கையில் காசில்லாதவராகிவிடுகிறார். அர்ச்சனைச் சீட்டுக்கும் உண்டியலுக்கும் சில்லறை வேண்டும். எனவே, கைப்பேசியைப் பையோடு சேர்த்துக் கொடுப்பதா, தனியாகக் கொடுத்துவிட்டுப் பையை இடுப்பிலேயே வைத்துக்கொள்வதா என்பதை வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். நான் கைப்பேசியை மட்டும் கொடுத்து டோக்கன் வாங்கி, அந்த டோக்கனையும் ரொக்கத்தையும் கடவுச்சீட்டையும் இடுப்பில் வைத்துக்கொண்டேன். சோதனையில் நின்ற காவலர் ஜிப்பைத் திறந்து உள்ளே விரலால் ஒதுக்கிப் பார்த்துவிட்டு, மூடிக் கையில் கொடுத்து அனுப்பினார். எந்த வாசலில் பொருளைக் கொடுத்தோமோ அதே வாசலுக்குத்தான் திரும்ப வர வேண்டும். பிரகாரம் சுற்றிவிட்டு வேறு கோபுரத்தின் வழியாக வெளியேறுகிறவர்கள் வெயிலில் வெறுங்காலோடு சித்திரை வீதியைச் சுற்ற நேரிடும்.

என்னுடன் வந்த அத்தை சேலைக் கொசுவத்தின் ஓரத்தில் சுருக்குப் பையைச் செருகியிருந்தார். அவருக்குக் கழற்றவும் பூட்டவும் எதுவும் இல்லை. நான் பக்கிளோடு மல்லுக்கட்டியதைப் பார்த்து, “ஏய்யா, இம்புட்டு வாரையும் கட்டிக்கிட்டு நீ சாமியப் பாக்குறதுக்குள்ள நடைய சாத்திருவாங்க” என்றார். நியாயமான விமர்சனம்தான்.

வேறொரு ஊரில் ஒரு கோயிலின் காப்பகத்தில் கிடைத்த அனுபவம் இவ்வளவு சீராக இல்லை. டோக்கனில் எண் மட்டும் இருந்தது; பொருள்களை எண் வாரியாக அடுக்காமல் ஒரே மேசையில் குவித்திருந்தார்கள். பல பைகளின் வார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதால், ஒன்றை எடுக்க இன்னும் நான்கு பைகள் சேர்ந்து வந்தன. கூட்டம் கூடியபோது, நிறத்தைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பது என்ற அளவுக்கு வந்துவிட்டது. கறுப்புப் பைகள்தான் அங்கே பெரும்பான்மை. ஒப்படைக்கும் முன்பு வாரைப் பையைச் சுற்றி இறுக்கிப் பக்கிளைப் பூட்டிக் கொடுத்தால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். மீதிப் பாதியைத் தீர்க்கத் தடுப்புகளுள்ள ஓர் அலமாரி போதும், அதை நிர்வாகம்தான் செய்ய வேண்டும்.

திருச்செந்தூரில் நிலைமை இன்னொரு விதம். அங்கே கடலில் குளித்து, நாழிக் கிணற்றிலும் நீராடிவிட்டுத்தான் பெரும்பாலோர் தரிசனத்துக்குச் செல்கிறார்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே போக வேண்டும். சட்டைப்பையை நம்பியவர்களுக்கு அங்கே இடமில்லை; வேட்டிக்கு மேல் கட்டிய வார் ஒன்றுதான் துணை. வெற்றுடம்பில் நைலான் வாரின் ஓரம் உராய்ந்தால் வியர்வையோடு சேர்ந்து எரியும் என்பதால், வாரை வேட்டி மடிப்பின் மேலேயே அமரும்படி ஒரு விரல் அளவு தளர்த்திக் கட்டுவது நல்லது. கடலில் இறங்கும்போது பையைக் கரையில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும்; எங்கள் குடும்பத்தில் முறை வைத்துக் காவல் இருந்தோம். நைலான் தண்ணீரை உறிஞ்சிச் சற்று நீளும் தன்மையுடையது. பாலியஸ்டர் அந்த அளவுக்கு உறிஞ்சாது. ஈரக் கையால் வாங்கிக் கட்டிய வார் அரை மணி நேரத்தில் தளர்ந்து, மறுபடி இறுக்க வேண்டியிருந்தது. உப்புநீர் பட்ட ஜிப்பை அன்று இரவே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். மணல் புகுந்தால் ஜிப்பை இழுத்து மூடும் ரன்னர் மறுநாள் நகர மறுக்கும்.

இந்தக் கோணத்தில் பார்த்தால், சந்தை வியாபாரிகள் வேட்டிக்கோ கைலிக்கோ மேலே கட்டும் அகலமான பச்சை பெல்ட்டை மிஞ்ச எதுவும் இல்லை. பருத்தித் துணியை அடுக்கித் தைத்த அந்தப் பெல்ட் உடம்பை அறுப்பதில்லை. பிரஸ் பட்டன் வைத்த அறைகளில் பணமும் சீட்டும் தனித்தனியே நிற்கும். வியர்வையில் நனைந்தாலும் வழுக்காது. அதில் கடவுச்சீட்டு வைத்தால் ஓரம் மடங்கிப்போகும் என்பது ஒன்றுதான் குறை.

நான் சந்தித்த சேவைகளில் முதலிடம் மதுரையில் மாசி வீதிப் பக்கம் நடைபாதையில் உட்கார்ந்திருந்த பை தைப்பவருக்கு. ரயிலில் மேல் படுக்கையிலிருந்து இறங்கிய ஒருவரின் காலடியில் மாட்டி, பக்கிளின் இரண்டு பற்களில் ஒன்று முறிந்திருந்தது. பையைப் புரட்டிப் பார்த்தவர், “பையில ஒண்ணும் குத்தமில்லண்ணே, வாரும் கெட்டி. பக்கிள்ல ஒரு பல்லு போயிருச்சு, அம்புட்டுத்தான்” என்றார். தகர டப்பாவைக் கவிழ்த்து, பழைய பைகளிலிருந்து எடுத்து வைத்திருந்த பக்கிள்களில் ஒரு அங்குலத்துக்குச் சரியாக இருந்த ஜோடியைத் தேர்ந்தெடுத்தார். ஆண் பாதி, பெண் பாதி இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், வேறு வேறு வார்ப்பில் வந்தவை பூட்டினாலும் லேசான இழுப்புக்கே விட்டுவிடும் என்று சொல்லி, பழைய தையலை ஊசி முனையால் ஒவ்வொன்றாக நெம்பிப் பிரித்தார். வாரின் பிசிறிய முனையைத் தீக்குச்சிச் சுடரில் காட்டி, உருகிய ஓரத்தைக் கட்டைவிரலால் சட்டென்று தேய்த்துத் தட்டையாக்கினார். புது பக்கிளைக் கோத்து மடித்த இடத்தில், சதுரமாக நாலு பக்கமும் தைத்து நடுவே பெருக்கல் குறிபோல் குறுக்காகவும் தைத்தார். தொழிற்சாலையில் அங்கே இரண்டு கோடுகள்தான் ஓட்டியிருந்தார்கள். நான் கேட்காமலேயே ஸ்லைடரைத் தாண்டித் தொங்கும் வாரின் நுனியையும் மடித்துத் தடிமனாகத் தைத்து, இனி எவ்வளவு தளர்த்தினாலும் ஸ்லைடரை விட்டு உருவாது என்று காட்டினார். நான் வாழும் ஊரில் பக்கிள் உடைந்தால் பையை மாற்றத்தான் சொல்வார்கள். இங்கே ஒரு சாப்பாட்டுக் காசுக்குள் வேலை முடிந்தது.

நகரப் பேருந்துகளைப் பற்றி ஒரு வரி சொன்னால் போதும்: நிற்கும் கூட்டத்தில் பையை வயிற்றுப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும், நடத்துநருக்கு வேண்டிய சில்லறையை வெளி அறையில் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

புறப்படும் நாளில் கடவுச்சீட்டுக்கு ஓய்வே இல்லை. முனையத்தின் வாசலிலேயே மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் பயணச்சீட்டையும் கடவுச்சீட்டையும் பார்க்கிறார்கள். பிறகு செக்-இன், குடியேற்றம், விமானத்தின் வாயில் என்று அது வெளியே வந்துகொண்டே இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்துக்கு அதை முன் அறையில் வைத்துக்கொள்வதே சரி. பாதுகாப்புச் சோதனையில் இடுப்புப் பை கட்டாயம் தட்டுக்குப் போக வேண்டும். வரிசையில் நிற்கும்போதே கைக்கடிகாரம், சில்லறை, சாவி எல்லாவற்றையும் அதற்குள் போட்டு ஜிப்பை மூடி, வாரைச் சுற்றி வைத்துவிட்டால், மறுபக்கம் ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு நகரலாம். பவர் பேங்கைச் செக்-இன் செய்யும் பெட்டியில் வைக்க அனுமதி இல்லாததால் அதுவும் இந்தப் பையில்தான் வந்து சேரும். ஒரு வரிசையில் அதைப் பைக்குள்ளேயே விடச் சொன்னார்கள், பக்கத்து வரிசையில் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார்கள். எதைச் சொன்னாலும் தாமதமில்லாமல் செய்ய, அதை எல்லாவற்றுக்கும் மேலாக, ஜிப்பைத் திறந்ததும் கைக்கு வரும்படி வைத்திருப்பது நல்லது.