ஸ்டெர்ன்டிரைவா, அவுட்போர்டா? பெல்லோஸ் மாற்றிய கையோடு ஒரு பதில்

குமரி மாவட்டத்து மணக்குடிக் காயலில் குடும்பத்தோடு சுற்றப் பழைய ஸ்போர்ட் போட் தேடும் நண்பர் கேட்டார்: 18 அடி ஸ்டெர்ன்டிரைவ் (எஞ்சின் படகுக்குள், புரொப்பெல்லர் உள்ள டிரைவ் பின்பலகைக்கு வெளியே) ஒன்றும், 17 அடி அவுட்போர்டு (எஞ்சின் முழுதும் பின்பலகைக்கு வெளியே தொங்குவது) ஒன்றும் விலைக்கு வந்திருக்கின்றன, எதை எடுக்கலாம்? என் ஸ்டெர்ன்டிரைவுக்கு இப்போதுதான் பெல்லோஸ் என்கிற மடிப்பு ரப்பர் உறைகளை மாற்றினேன். அந்தக் கோபம் இதில் இருக்கத்தான் செய்யும்.

ஓட்டும் சுகத்தில் ஸ்டெர்ன்டிரைவை அடித்துக்கொள்ள முடியாது. எஞ்சின் பெட்டிக்குள் அடங்கிக் கிடப்பதால் பின்சீட்டில் பேசுவது கேட்கும். பின்னால் முழு அகலத்துக்கும் குளிக்கும் தட்டு; பிள்ளைகள் ஏணி வைத்து ஏறி இறங்கலாம். அவுட்போர்டில் அந்த இடத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

தொல்லை, டிரைவுக்கும் பின்பலகைக்கும் நடுவே இருக்கிற இந்த மடிப்பு ரப்பர் உறைகளில். எஞ்சின் சுழற்சியை டிரைவுக்குக் கடத்தும் யூ-ஜாயின்ட்டைச் சுற்றி ஒன்று, கியர் கேபிளுக்கு ஒன்று, பல மாடல்களில் புகைவழிக்கும் ஒன்று. படகு தண்ணீரில் கிடக்கும்வரை இவையும் தண்ணீருக்குள்தான். டிரைவை இறக்கியே வைத்தால் கொட்டலசு பிடித்து ரப்பரை அறுக்கும். தூக்கி வைத்தால் மடிப்பு ஒருபக்கமாக இழுபட்டு அங்கேயே வெடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகைக் கட்டிப்போடும் நம் ஊரில் இது இரட்டைத் தலைவலி. கரையேற்றி, டிரைவை இறக்கி வைப்பது ஒன்றே வழி.

யூ-ஜாயின்ட் உறை கிழிந்தால் உப்புநீர் முதலில், டிரைவுக்குப் போகும் தண்டைத் தாங்கும் கிம்பல் பேரிங்கைத் தின்னும். எஞ்சினை ஐடிலில் விட்டு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். உறுமல் கேட்டால் பேரிங் போய்விட்டது. கேபிள் உறை கிழிந்தால் தண்ணீர் நேரே படகுக்குள் வரும். கட்டிய இடத்திலேயே மூழ்கும். மாற்ற டிரைவையே கழற்றவேண்டும். திரும்ப மாட்டும்போது அலைன்மென்ட் பார் என்கிற அளவுக்கம்பியை விட்டு எஞ்சின் நேராக இருக்கிறதா என்று பார்க்காவிட்டால், எஞ்சினையும் தண்டையும் இணைக்கும் கப்ளரின் பல் தேயும். அந்தப் பாரும், அதைப் பிடிக்கத் தெரிந்த கையும் இங்கே கிடைப்பது அரிது. அவுட்போர்டு என்றால் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எங்கும் ஃபைபர் வள்ளத்து எஞ்சினைக் கழற்றிப் பழகிய மெக்கானிக்குகள் உண்டு.

ஸ்டெர்ன்டிரைவில் இன்னொன்று, எஞ்சின் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு. உப்புநீரில் ஓடிய வார்ப்பிரும்புக்கு 5 முதல் 7 ஆண்டுதான் ஆயுள். உள்ளே துருப்பிடித்து ஓட்டையானால் தண்ணீர் சிலிண்டருக்குப் போய்விடும். மாற்றிய தேதிக்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

அவுட்போர்டில் பார்க்கவேண்டியது வேறு. எஞ்சின் காலைப் பிடித்து மேலும் கீழும் பலமாக ஆட்டுங்கள். பின்பலகை அசைந்தால் உள்ளே பிளைவுட் ஊறி அழுகியிருக்கிறது, அந்தப் படகு வேண்டாம். மரச்சுத்தியலால் தட்டினால் அழுகிய இடம் மந்தமாக ஒலிக்கும். சிலிண்டர்களின் கம்ப்ரெஷன் (உள்ளழுத்தம்) ஒன்றுக்கொன்று வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். கியர் ஆயில் பால்போல வந்தால் சீல் போயிருக்கிறது. எஞ்சினைக் குளிர்வித்துப் பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்திருந்தால், தண்ணீரை இழுக்கும் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், துளை அடைத்திருக்கலாம்; காயல் கடலில் சேரும் பொழிமுகத்து மணல் இரண்டையும் செய்யும். வாங்கியபின் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு 10 நிமிடம் நல்லதண்ணீர் ஓடவிட்டு, எஞ்சின் காலை முழுக்கத் தூக்கி வையுங்கள். பெல்லோஸ் கவலையே இல்லை.

பெட்ரோல் தொல்லை இரண்டுக்கும் பொது. பல படகு எஞ்சின் கையேடுகள் 10 சதவீதம் எத்தனாலுக்குமேல் அனுமதிப்பதில்லை. பெட்ரோல் பங்கில் கிடைப்பதில் 20. நாள்பட்டால் ஈரம் இழுத்து, தண்ணீரும் எத்தனாலும் டேங்கின் அடியில் பிரிந்து நிற்கும். 10 மைக்ரான் வாட்டர் செப்பரேட்டர் ஃபில்டர் போடாமல் ஓட்டாதீர்கள்.

ஆக, ஓடும்போது ஸ்டெர்ன்டிரைவுதான் நல்ல படகு. ஆனாலும் அவுட்போர்டையே எடுங்கள். எதைப் பார்க்கப் போனாலும் முதலில் எஞ்சின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்தபோது கிளம்பச் சண்டித்தனம் செய்வதை மறைக்க விற்பவர் முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். ஆறும்வரை காத்திருந்து, குளிர்ந்த எஞ்சினை உங்கள் எதிரே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.